ஜோடி விசா என்னும் மாய்மாலம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க அறைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடி அறையில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பூர்வீகம் நெல்லைச் சீமை. அவருக்கு வயது 29. டெம்போ ஓட்டுகிறார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு வயது 26. எட்டாவது வரை படித்தவர். விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுத்துவிட்டு, பகலில் மாதுங்காவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். குழந்தைகள் இரண்டு.

தாராவி மறுசீரமைப்பு என்று சொல்லி வீடு வீடாகக் கணக்கெடுத்தார்களே, அதில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதே இடத்தில் இலவச வீடு என்கிறது திட்டம். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோதான். "இந்த அறை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற கேள்வி இந்தக் குடும்பத்தின் தலைமேல் தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜண்டு வந்தான். "ஜோடி விசா இருக்கிறது. அரபுக்காரர் வீட்டில் அவருக்கு டிரைவர் வேலை, உனக்கு வீட்டு வேலை. ஒரே காம்பவுண்டுக்குள் தனி ரூம். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லட்சம்" என்றான். தாலியைத் தவிர மற்ற நகை எல்லாம் அடகுக்குப் போயின. ரூ.80,000 முன்பணம் கொடுத்தாயிற்று. கைக்கு வந்தவை இரண்டு காகிதங்கள். அவற்றைப் படித்துச் சொல்லுங்கள் என்றுதான் நம்மிடம் வந்தார்கள்.

ஆங்கிலத்தில் இருந்ததை நாம் படித்தோம். அரபியில் இருந்ததைப் பக்கத்துப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் பெரியவர் வந்து படித்தார். கணவருக்கு வந்திருப்பது வேலை விசாதான். ஆனால் தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று இல்லை, பண்ணைத் தொழிலாளி என்று இருந்தது. மனைவிக்கு வந்திருப்பது 60 நாள் விசிட் விசா. அதுவும் கணவர் போகும் நாட்டுக்கு அன்று, வேறொரு நாட்டுக்கு! இரண்டு தாள்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஜோடியைப் பிரிப்பதற்கே இந்த 'ஜோடி விசா' என்பது விளங்கியது.

அவர்கள் போகவில்லை. போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் எழுந்து போகும்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. "அப்போ நேர் வழி எங்க இருக்கு அண்ணாச்சி? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போயி ஒழுங்கா வேலை பாக்க ஒரு வழி சொல்லுங்க, அதுல போறோம்" என்றார். அந்தக் கேள்விதான் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஜோடி விசா என்று ஒன்று எந்த வளைகுடா நாட்டிலும் கிடையாது. விசா என்பது ஆளுக்கு ஆள். ரயில்வே புக்கிங் கவுண்டரில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஒருவருக்கு எடுத்த டிக்கெட்டில் இரண்டு பேர் பயணம் செய்ய முடியாது. பிளாட்பாரம் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறவும் முடியாது. விசிட் விசா ஒரு பிளாட்பாரம் டிக்கெட். பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதில் ஏறிப் பயணம் போனால், வழியில் எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிடுவார்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போய்ச் சட்டப்படி உழைக்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, இருவருக்கும் தனித்தனி வேலை விசா, தனித்தனி ஒப்பந்தம். மற்றொன்று, ஒருவர் வேலைக்குப் போய், தம் பொறுப்பில் மற்றவரைக் குடும்ப விசாவில் அழைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வழிக்குச் சம்பள வரம்பு என்றொரு சுவர் நிற்கிறது. துபாய், அபுதாபி, சார்ஜா அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் இருந்தால்தான் மனைவியை அழைக்கலாம். கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு டிரைவருக்கும் அது எட்டாக்கனி. எட்டியவர்களுக்கும் ஒரு சொல்: குடும்ப விசாவில் போன மனைவி மறுநாளே வேலைக்குப் போய்விட முடியாது. அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அங்குள்ள தொழிலாளர் துறையிடம் அவர் பெயரில் வேலை அனுமதி வாங்கவேண்டும். அந்த அனுமதி இருந்தால் கணவரின் பொறுப்பிலேயே தங்கிக்கொண்டு சட்டப்படி வேலை பார்க்கலாம். இல்லையென்றால் அது கள்ள வேலைதான்.

கள்ள வேலை என்றால் என்ன ஆகும்? சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் அனுமதியில்லாமல் வேலை பார்த்த குற்றம் முதலில் தொழிலாளியின் தலையில்தான் விழும். அமீரகத்தில் 2024-ல் சட்டத்தைத் திருத்தி, அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் முதலாளி அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். நம் பெண் விமானம் ஏற்றப்படுவாள்.

சவூதியில் கதை வேறு. 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 100 ரியால் என்று ஒரு வரி வைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறி 2020-ல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால். பல ஆண்டுகள் அங்கே குடித்தனம் நடத்தியவர்கள் பலர், பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனிக்கட்டையாய்த் திரும்பிப் போய்ப் 'பேச்சிலர்' அறையில் படுத்தார்கள்.

சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் கப்பல் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகும் நம் பையன்களுக்கு மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமையே இல்லை. அதற்கு மேல்நிலை பாஸும், மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளமும் வேண்டும். அப்படி அழைக்கப்பட்ட மனைவியும் 2021 மே முதல் தனியாக ஒரு வேலைப் பாஸ் வாங்கினால்தான் வேலை பார்க்கலாம். மலேசியாவில் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குடும்பத்தை அழைக்க வழியில்லை.

இது தாராவிக்காரன் பிரச்சினை, நம் பிள்ளைகள் டிப்ளமா படித்தவர்கள், நர்ஸிங் படித்தவர்கள் என்று செம்பூரிலும் மாதுங்காவிலும் இருக்கும் அன்பர்கள் நினைக்கவேண்டாம். இங்கிலாந்துக்கு முதியோர் பராமரிப்பு வேலை என்று லட்சம் லட்சமாய்க் கட்டியவர்களைக் கேளுங்கள். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் போவோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், வேலைக்குப் போனவரின் துணைக்குத் திறந்த வேலை அனுமதி என்பது உயர்ந்த வகை வேலைகளுக்கும், ஆள் பற்றாக்குறையுள்ள சில தொழில்களுக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் ஹெச்-1பி கணவருடன் போன மனைவியருக்கு 2015 வரை வேலை பார்க்க அனுமதியே இல்லை. இப்போதும் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைக்கு மட்டுமே அது கிடைக்கிறது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜெர்மனியில் திறன் பெற்ற தொழிலாளியுடன் குடும்ப விசாவில் சேரும் துணை, தனி அனுமதி கேட்காமலே வேலைக்குப் போகலாம். ஆள் வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் நாடு, குடும்பத்தையும் சேர்த்துத்தான் நினைக்கிறது.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாய் இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலி ஏற்றிய அந்த நாட்களில், 100 ஆணுக்கு 40 பெண்ணாவது இருக்கவேண்டும் என்று விதியே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணிமார் குடும்பம் குடும்பமாகத்தான் ஆள் பிடித்தார்கள். துரைமார்களுக்குக் குடும்பத்தின்மேல் பாசமா? இல்லை. கொழுந்து கிள்ளப் பெண் கை வேண்டும், அதுவும் ஆண் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு. நாளைக்கு அதே லயத்தில் பிறக்கும் பிள்ளையும் தோட்டத்துக்கு ஆள். அன்று குடும்பமாக வா என்று அழைத்ததும் லாபத்துக்காக. இன்று தனியாக வா என்று சொல்வதும் லாபத்துக்காகவே. தனி ஆளுக்கு ஒரு கட்டில் போதும், பள்ளிக்கூடம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடலாம், வேர் பிடிக்க மாட்டான்.

அந்த நேட்டால் மண்ணிலேயே நம் பெண்கள் எழுதிய வரலாறு ஒன்றும் உண்டு. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டி வாழ்ந்த மனைவி, சட்டத்தின் கண்ணில் மனைவியல்லாதவள் ஆனாள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டும் கொடுமை ஏற்கெனவே இருந்தது. காந்தியடிகள் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நியூகாசிலுக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது வயது 16. அந்த ஆண்டே தலைவரி ஒழிந்தது, நம் திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. அயல்நாட்டில் கணவன் மனைவியாய் வாழும் உரிமை நமக்கு யாரும் தானமாய்க் கொடுத்ததல்ல.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று முத்திரை இருக்கும். அவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்த்து, சம்பளத்தைப் பார்த்து, இன்சூரன்ஸ் எடுக்கச் செய்து அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. ஆனால் இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண், 30 வயது ஆகாமல் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது என்று ஒரு விதியையும் வைத்திருக்கிறார்கள். பெண்களைக் காப்பாற்ற என்கிறார்கள். அந்த எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதிதான் அது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். நம் சங்கத்துக்கு வந்த அந்த அம்மாவுக்கு 26 வயது. மாதுங்காவில் ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வயது தடையில்லை. கணவருடன் சேர்ந்து, ஒப்பந்தத்தோடு, இன்சூரன்ஸோடு போக மட்டும் வயது தடை. முன்கதவைச் சாத்திவிட்டால் பசி நிற்குமா? ஏஜண்டு பின்கதவைக் காட்டுகிறான். விசிட் விசாவில் ஒரு நாட்டில் இறக்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்குக் கடத்தி, வீட்டுக்குள் பூட்டுகிறான். எந்தப் பெண்ணைக் காப்பாற்ற விதி வந்ததோ, அந்தப் பெண்ணின் பெயரே அரசின் ஏட்டில் இல்லாமல் போகிறது. ஆனால் அனுமதியின்றி ஆள் பிடிக்கும் அந்த ஏஜண்டுக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் தண்டனை என்ன? இரண்டு ஆண்டு வரை சிறையும், ரூ.2,000 வரை அபராதமும்! ஒரு குடும்பத்திடம் மூன்று லட்சம் பிடுங்குகிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஒரு வேளை விருந்துச் செலவு.

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவர, 2025 அக்டோபரில் மத்திய அரசு ஒரு மசோதா வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கேட்டது மக்களைத்தான். ஆனால் தாராவியில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தமிழில் யார் சொன்னார்கள்? ஆகவே நம் கோரிக்கைகளை இங்கே பதிவு செய்கிறோம்.

வயதைச் சொல்லிக் கதவைச் சாத்துவதை விட்டு, ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி கொடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே ஊரில், தனித்தனி ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகும்போது, அதை ஒரே குடும்பமாகப் பதிவு செய்து, நம் தூதரகம் இருவரையும் கண்காணிக்க ஏற்பாடு செய்யுங்கள். வளைகுடா அரசுகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் பேசும்போது, எண்ணெய் விலையோடு குடும்ப விசாவின் சம்பள வரம்பையும் பேசுங்கள். கள்ள ஏஜண்டின் அபராதம் அவன் பிடுங்கிய தொகைக்குக் குறையக்கூடாது. அது ஏமாந்தவர் கைக்கு வரவேண்டும். குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகம் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் விதேஷ் பவனில் இருக்கிறது. தாராவிக்கும் அதற்கும் நடுவே மித்தி ஆறுதான். அங்கே தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள். தமிழ்நாடு அரசுக்கும் ஒரு வார்த்தை: 1978-லேயே அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஓர் அரசு நிறுவனம் கண்ட மாநிலம் நீங்கள். மும்பைத் தமிழனுக்காக ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது இங்கே முகாம் நடத்தட்டும்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. குடும்பங்கள் செய்யவேண்டியவை சில.

பாஸ்போர்ட் இரண்டு, விசா இரண்டு, ஒப்பந்தம் இரண்டு. இதில் எது குறைந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். தொழில், சம்பளம், முதலாளி பெயர், ஊர் நான்கும் உங்களுக்குச் சொன்னபடியே தாளில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏஜண்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் பட்டியலில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜண்டும் ஓர் ஆளிடம் ரூ.30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்பவன் சட்டத்தை மீறுகிறான். கொடுப்பதை ரசீதோடு கொடுங்கள். பிரவாசி பாரதீய பீமா இன்சூரன்ஸ் இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375. விபத்தில் இறந்தால் ரூ.10 லட்சம். அதை எடுத்துத் தராத ஏஜண்டு உங்களை முறைப்படி அனுப்பவில்லை என்றே பொருள். இரண்டு தாள்களின் நகலும் ஊரில் பெற்றோரிடம் ஒன்று, சங்கத்தில் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று, நான் என் வாழ்க்கையில் கண்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றுதான் என்னைக் கிளார்க் நாற்காலியில் உட்கார வைத்தது. அதே சான்றிதழ்தான் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரையை நீக்கும். 30 வயதுத் தடையும் அதோடு போய்விடும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எந்த வயதிலும் பத்தாவது எழுதலாம். தமிழிலும் எழுதலாம். ஆனால் எச்சரிக்கை: முத்திரை போனால் அரசு ஒப்பந்தத்தைப் பார்க்கும் கட்டாயமும் போகிறது. அப்போது நம் கண்தான் நமக்குக் காவல். படிப்பு அதற்கும் உதவும்.

வரும் மாதம் முதல் ஞாயிறு தோறும் மாலை 5 மணிக்குச் சங்க அறையில், வெளிநாடு போவோரின் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையைத் தொடங்குகிறோம். கட்டணம் இல்லை. பத்தாவது எழுத விரும்பும் பெண்களுக்கு வாரம் மூன்று நாள் இரவு வகுப்பும் நடக்கும். முதல் பெயராக அந்த அம்மாவே எழுதிக்கொடுத்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் அல்ல என்பது நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

தோழர்களே! நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலிருந்து தாராவித் தோல் கிடங்குகளுக்கு வந்தபோதும் முதலில் தனியாகத்தான் வந்தார்கள். பாட்டிமார் வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் இது ஊரானது. இட்லிக் கொப்பரையும் தோல் பட்டறையும் சேர்ந்துதான் தாராவியைக் கட்டின. அயல்நாட்டுக்கும் அப்படியே சேர்ந்து போகக் கேட்கிறோம். கேட்பது சலுகையல்ல, உரிமை. அது கிடைக்கும் வரை, இரண்டு பேருக்கும் சரியான தாள் கையில் இல்லாமல் சகார் விமான நிலையத்தின் வாசலை யாரும் மிதிக்கவேண்டாம்.